பஸ் கம்பிக்குள் இருக்கும் ஜோதி

அன்புள்ள பெரியப்பா,

வடலூர் வள்ளலார் சபையில் தைப்பூச ஜோதி தரிசனம் முடிந்து திரும்பும்போது பஸ்ஸில் ஒன்று கேட்டீர்கள். "ஏழு திரையும் விலகினப்போ தெரிஞ்சுதே ஒரு ஜோதி, அது உனக்குள்ளயும் இருக்கு, இந்தக் கம்பிக்குள்ளயும் இருக்கு. ஒத்துக்கிறியா?" என்று முன்சீட்டுக் கம்பியைத் தட்டிக் காட்டினீர்கள். நான் தூங்குவதுபோல் கண்ணை மூடிக்கொண்டேன். உங்களுக்கும் அது தெரிந்திருக்கும்.

கம்பியிலிருந்தே தொடங்குகிறேன், வேதியியல் வாத்தியாருக்கு அதுதான் வசதி. வளர்ந்த மனிதனின் உடம்பில் ஏறத்தாழ 4 கிராம் இரும்பு இருக்கிறது, பெரும்பகுதி ரத்தத்தில். அதுவும் கம்பியில் இருப்பதும் ஒரே இரும்புதான். பூமி உண்டாவதற்கு முன்பே நட்சத்திரங்களில் விளைந்து, அவை வெடித்தபோது சிதறியது. இதை வகுப்பில் சொன்னால் பின்வரிசைப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்காருவார்கள். ஆனால் எனக்கு இதைவிடப் பிடித்தது ஒன்று உண்டு. ரத்தத்தின் சிவப்புக்குக் காரணம், நான்கு நைட்ரஜன் அணுக்கள் சுற்றி வளைத்துப் பிடித்திருக்கும் ஒரு இரும்பு அணு. இலையின் பச்சையத்திலும் கிட்டத்தட்ட அதே வளையம்தான், நடுவில் மட்டும் இரும்புக்குப் பதில் மெக்னீசியம். வளையத்தைக் கட்டும் வழியும் பெரும்பாலும் ஒன்றே. நடுவழியில் ஓரிடத்தில் பாதை பிரிகிறது. இரும்பைச் செருகினால் ஒன்று, மெக்னீசியத்தைச் செருகினால் இன்னொன்று. வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலாருக்கு இதெல்லாம் யாரும் சொல்லித் தந்திருக்க முடியாது. 1874இல் மேட்டுக்குப்பத்து அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டவர் அவர்.

"பாத்தியா, விஞ்ஞானமே சொல்லிடுச்சு" என்பீர்கள். இங்கேதான் மல்லுக்கு நிற்கிறேன். எல்லாம் ஒரே சரக்கு என்பது ஒரு செய்தி. அந்தச் சரக்குக்குள் கடவுள் நிறைந்திருக்கிறார் என்பது வேறு செய்தி. அரிவாளும் ஊசியும் ஒரே இரும்பு என்று காட்டிவிட்டால் இரண்டுக்குள்ளும் ஒரே ஜோதி என்று ஆகிவிடாது. தினமும் காலையில் எனக்கு அனுப்புகிறீர்களே, குவாண்டம் இயற்பியல் சிதம்பர ரகசியத்தை நிரூபித்துவிட்டது என்று, அதைத் தயவுசெய்து நிறுத்துங்கள். எலெக்ட்ரானும் பாவம், நடராஜரும் பாவம்.

அப்புறம், நம் வீட்டிலேயே இதற்கு ஒரே பதில் இருந்ததில்லை. தாத்தா பழுத்த சைவ சித்தாந்தி. பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் தளை) மூன்றும் அநாதி, மூன்றும் வேறுவேறு என்பது அவர் கட்சி. அகரம் எல்லா எழுத்திலும் கலந்து நிற்கிறது, அதற்காகக் ககரம் அகரம் ஆகிவிடுமா என்று கேட்பார். இறைவன் கம்பிக்குள்ளும் இருக்கிறான், ஆனால் கம்பி இறைவனால் ஆனதல்ல. பக்கத்து வீட்டு அய்யங்கார் தாத்தாவோ, உடம்புக்குள் உயிர் மறைந்திருப்பதுபோல் நிலம் நீர் தீ எல்லாவற்றிலும் பெருமாள் பரந்திருக்கிறார் என்று நம்மாழ்வாரைப் பாடிக் காட்டுவார். இரண்டு பேரும் திண்ணையில் மணிக்கணக்காக வாதாடியது உங்களுக்கு நினைவிருக்கும். கம்பியும் நானும் ஒன்றே என்று சொல்ல அந்தத் திண்ணையில் ஆளே இல்லை.

வள்ளலாரைத் திரும்பவும் படித்துப் பார்த்தேன். 'ஜீவகாருண்ய ஒழுக்கம்' நூலில் அவர் கம்பியிலிருந்து தொடங்கவில்லை. உயிர்களெல்லாம் ஒரே கடவுளால் ஒரே தன்மையாகப் படைக்கப்பட்டவை, ஆகவே சகோதரர்கள். ஒரு சகோதரன் துன்பப்படுவதைக் கண்டால் இன்னொருவனுக்கு உருக்கம் உண்டாவது அந்தப் பழைய உரிமையால்தான் என்கிறார். அவருக்குச் சான்று அந்த உருக்கம்தான். துன்பங்களில் பசியை முதலில் வைத்ததால்தான் ஜோதி காட்டும் ஞானசபைக்கு முன்பே, பசித்தவர்களுக்குச் சோறு போடும் தருமசாலை வந்தது. 1867 மே 23இல் மூட்டிய அடுப்பு இன்னும் அணையவில்லை. ஞானசபை 1872இல்தான். சபையில் நின்றபோது எனக்கு ஒன்றும் ஆகவில்லை, உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் ஒருவர் என் காலை மிதித்தது மட்டும்தான் நினைவில் இருக்கிறது. தருமசாலையில் பந்தியில் உட்கார்ந்தபோது, பக்கத்தில் இருந்த பெரியவர் முதல் கவளத்தை எடுத்த வேகத்தைப் பார்த்தேன். என்னவோ செய்தது. அதற்கு ஜோதி என்று பெயர் வைக்க எனக்கு இன்னும் தயக்கம். ஆனால் அதை வெறும் மெக்னீசியம், இரும்பு என்று முடித்துவிடவும் மனம் வரவில்லை.

ஒரு சந்தேகம் மட்டும் தீரவில்லை. பயிருக்கும் உயிர் உண்டே, அதை உண்ணலாமா என்ற கேள்வியை அவரே எழுப்பிப் பதிலும் சொல்கிறார். நாம் எடுப்பது வித்து, காய், கனி, தழை, கிழங்குதான். நகத்தையும் முடியையும் களைவதுபோல, அதில் அந்த உயிருக்கு இம்சை இல்லை என்கிறார். கீரை, கத்தரிக்காய் வரை சரி. கிழங்கு எப்படி? முள்ளங்கியைப் பிடுங்கினால் செடியே போய்விடுகிறதே? மரவள்ளிக்காவது குச்சியை ஊன்றினால் மறுபடி முளைக்கும் என்று சொல்லித் தப்பிக்கலாம்.

நீங்கள் நாற்பது வருஷமாகச் சாலைக்குக் காய் வெட்டிக் கொடுக்கிறவர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். போனில் வேண்டாம், கத்துவீர்கள். எழுதுங்கள்.

உங்கள் தம்பி மகன்