எம்.எஸ்சி. இயற்பியலுக்கு அப்பா போட்ட கணக்கு

அன்புள்ள அம்மிணிக்கு,

அப்பா எழுதறேன். போன்ல பேசினா தறிச் சத்தத்துல பாதி உனக்குக் கேக்காது, மீதியை உங்கம்மா புடுங்கிப் பேசிருவா. அதான் கடுதாசி.

பி.எஸ்சி. முடிச்சதும் எம்.எஸ்சி. இயற்பியலே சேரட்டுமா, கேம்பஸ்ல வர்ற ஐ.டி. வேலைக்குப் போகட்டுமான்னு கேட்டிருந்தே. போன வாரம் ஒறம்பரை வந்த உங்க அத்தை, "பிசிக்ஸ் படிச்சா டீச்சர் வேலைதானே"ன்னு ஒரே வார்த்தையில தீர்ப்புச் சொல்லிட்டுப் போயிட்டா. என்னால அப்படி முடியல. கூலி நோட்டுப் பின்பக்கத்துல கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

அரசு காலேஜ், பல்கலைக்கழகம்னா பீஸ் ஒரு பெரிய செலவே இல்ல கண்ணு. நீ சம்பாதிக்காம இருக்கற அந்த ரெண்டு வருசந்தான் செலவு. கோயமுத்தூர் சரவணம்பட்டியில ஐ.டி. வேலைக்குச் சேர்ந்த உங்க பெரியப்பா பையனுக்கு ஆரம்பச் சம்பளம் 25,000. அதையே உனக்கும் வெச்சுக்குவோம். 24 மாசத்துக்கு 6 லட்சம் ஆச்சு. சோறும் தங்கற செலவும் வேலைக்குப் போனாலும் உண்டு, அதை நான் சேர்க்கல. ரெண்டு மாசத்துக்கு 1000 யூனிட் கரண்ட் இலவசமா வந்தும், கூலிக்கு நெசவு ஓட்டி 6 லட்சம் மிச்சம் புடிக்கறது என்ன பாடுன்னு உனக்குத் தெரியும். 2022-ல கூலி உயர்வு கேட்டுத் தறியை நிறுத்தி வெச்சப்ப நீ இங்கதானே இருந்தே.

சரி, போட்ட 6 லட்சம் திரும்புமா? அது எந்த வழியில போறேங்கறதப் பொறுத்தது.

அத்தை சொன்ன பள்ளிக்கூட வேலைக்கு எம்.எஸ்சி. மட்டும் பத்தாது, பி.எட். இன்னும் ரெண்டு வருசம். ஆக 12 லட்சம். முதுகலை ஆசிரியருக்கு அடிப்படைச் சம்பளம் 36,900-ல ஆரம்பிக்குது, நல்ல சம்பளந்தான். ஆனா ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) எப்ப அறிவிப்பு விடும்னு பார்த்துட்டே வயசு போனவங்க நம்மூர்லயே இருக்காங்க. காலேஜ் வாத்தியார் வேலை இன்னும் கோணல். நிரந்தர உதவிப் பேராசிரியருக்கு ஆரம்ப அடிப்படைச் சம்பளமே 57,700. அதே அரசு காலேஜ்ல, பக்கத்து வகுப்புல தற்காலிகமாப் பாடம் நடத்தற கௌரவ விரிவுரையாளருக்கு 25,000. பி.எச்டி. முடிச்சவங்களும் அதுல இருக்காங்க. காலேஜ் வாத்தியார் ஆகலாம்னு மட்டும் நெனச்சு பி.எச்டி. பண்ணாத.

ஆராய்ச்சியே புடிச்சுப் போறதுன்னா அது வேற. நெட்-ங்கற தகுதித் தேர்வு எழுதி ஜே.ஆர்.எஃப். ஆராய்ச்சி உதவித்தொகை வாங்கினா மாசம் 37,000, ரெண்டு வருசம் கழிச்சு 42,000, வாடகைப் படி தனி. அதுக்கப்புறம் எங்கிட்ட நீ காசு கேக்க வேண்டியதில்ல. ஆனா முடிக்கறப்ப உனக்கு இருபத்தெட்டு ஆயிரும். உங்கம்மாவுக்கு இப்பவே அந்த வெசனம். அதை நான் பார்த்துக்கறேன்.

இன்னொரு வழி இருக்கு, இதை யாரும் பேசறதில்ல. புத்துநோய்க்குக் கதிர் வெக்கற ஆஸ்பத்திரியில மருத்துவ இயற்பியலாளர் கட்டாயம் இருக்கணும், இல்லாட்டி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அந்த மெஷினை ஓட்ட விடாது. எவ்வளவு கதிர், எந்தப் பக்கமிருந்து, பக்கத்து உறுப்புல படாம எப்படின்னு கணக்குப் போடறது அவங்க வேலை. எம்.எஸ்சி. இயற்பியலுக்கு மேல பாபா அணு ஆராய்ச்சி மையத்துல ஒரு வருச டிப்ளமோ. விசாரிச்சு வை.

நீ பதினொண்ணாவது படிக்கறப்ப மூணாம் தறியில துணி மீட்டர் கொறையுதுன்னு நான் பொலம்பிட்டிருந்தேன். செல்போன் லைட்டைச் சிமிட்ட விட்டு ஓடற புல்லி மேல அடிச்சே. புல்லி அப்படியே நின்ன மாதிரித் தெரிஞ்சுது, அப்புறம் மெதுவா பின்னால நகந்துச்சு. "வேகம் கொறையுதுங்கப்பா, பெல்ட் வழுக்குது"ன்னே. பெல்ட்டை மாத்தினதும் மீட்டர் ஏறிருச்சு. அதனாலதான் அத்தைகிட்ட நான் தலையாட்டல.

என் முடிவு இது. வர்ற பிப்ரவரியில ஜாம்-ங்கற எம்.எஸ்சி. நுழைவுத் தேர்வை எழுது. ஐ.ஐ.டி.ல எம்.எஸ்சி. இடம் கிடைச்சாலோ, பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துல (ஐ.ஐ.எஸ்சி.) எம்.எஸ்சி.யும் பி.எச்டி.யும் சேர்ந்த ஒருங்கிணைந்த படிப்புக்குக் கூப்பிட்டாலோ கண்ணை மூடிட்டுப் போ, 6 லட்சத்தை அப்பா மறந்தர்றேன். கிடைக்கலைன்னா ஐ.டி. வேலையில சேர்ந்துட்டு அடுத்த வருசம் மறுபடி எழுது. லட்சக்கணக்குல பீஸ் கேக்கற தனியார் காலேஜ்ல மட்டும் எம்.எஸ்சி. வேண்டாம். 7.5 லட்சம் வரைக்கும் பேங்குல அடமானமில்லாம கல்விக்கடன் தருவாங்கதான், படிப்பு முடிஞ்சு ஒரு வருசத்துல தவணை ஆரம்பிச்சிரும். கடைசியில அதே 25,000 ரூவா வேலைக்கு வந்து உக்காந்தா வட்டிதான் மிச்சம்.

எந்தப் பக்கம் போனாலும் பைத்தான் கம்ப்யூட்டர் மொழியை ஒழுங்காக் கத்துக்கோ, அது ரெண்டு பக்கமும் ஆகும். ஜாம் விண்ணப்பத்தைப் போட்டதும் எனக்கு வாட்ஸப்ல அனுப்பு. பீஸ் இன்னிக்கே ஜிபே பண்ணிட்டேன். பொங்கலுக்கு ரயில் டிக்கெட் முன்பதிவு தொறந்ததும் போட்டுரு.

இப்படிக்கு,
அப்பா