வீட்டுக்குள் இருப்பவர் கைக்கும் எட்ட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கிருந்தாலும் கைப்பேசியிலேயே வீட்டை ஆளலாம் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வெளியூரில் இருப்பவர் விளக்கை அணைப்பது, அலுவலகத்தில் இருப்பவர் வாசல் கதவைப் பூட்டுவது எல்லாம் விவரமாக இருந்தது. அப்படி ஆளப்படும் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் அப்படி ஒரு வீட்டில் இருப்பவள். ஓய்வுபெற்ற கணித ஆசிரியை, வயது 71. என் வீட்டின் கடிவாளம் வேறு நாட்டில் இருக்கும் என் மகன் கையில்.

கூடத்தில், கைப்பேசியிலிருந்தே இயக்கும் ஸ்மார்ட் பல்பு மாட்டிவிட்டுப் போனான். அறையை விட்டு வரும்போது சுவர் ஸ்விட்சை அணைப்பது எனக்குச் சிறுவயதுப் பழக்கம். அணைத்தால் பல்புக்கு மின்சாரமே போகாது. பிறகு அவன் அங்கிருந்து எத்தனை முறை தட்டினாலும் அது அசையாது. உடனே தொலைபேசி வரும்: "அம்மா, ஸ்விட்சைத் தொடாதே!" தொடாமல் இருக்க அதன்மேல் நாடா ஒட்டச் சொன்னான். ஒட்டினேன். மறுநாள் இரவு இணையம் இல்லை. இருட்டில் நாடாவின் நுனியைத் தேடி நகத்தால் சுரண்டிக்கொண்டு நின்றேன்.

கடைசியில் வழி சொன்னவர் எலக்ட்ரீஷியன். ஸ்விட்சுக்குப் பின்னால், சுவர்ப் பெட்டிக்குள், மின்சாரத்தை இணைக்கவும் துண்டிக்கவும் செய்யும் ரிலே என்ற சிறிய கருவியை வைத்தால் சாதாரண பல்பே போதும். சுவரிலும் அணைக்கலாம், கைப்பேசியிலும் அணைக்கலாம். பெரும்பாலான ரிலேக்களுக்கு அந்தப் பெட்டியில் மின்சாரம் திரும்பிச் செல்லும் நியூட்ரல் கம்பி வந்திருக்க வேண்டும். பழைய வீடுகளில் பல பெட்டிகளில் அது இருக்காது. எங்கள் கூடத்தில் இருந்தது, படுக்கையறையில் இல்லை. படுக்கையறை பழையபடியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். இந்த ஒரு தகவலைக் கட்டுரை சொல்லியிருந்தால் பலருக்கு உதவியிருக்கும்.

பூட்டு விஷயம் இதைவிட மோசம். ஒரு மாலை வெளியே போய்விட்டுத் திரும்பினேன். பூட்டு என் கைக்கு ஒரு முழ தூரத்தில் இருக்கிறது. கைப்பேசித் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. நான் கொடுக்கும் கட்டளை எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வர் என்ற கணினிக்குப் போய், அங்கிருந்து என் கதவுக்குத் திரும்பி வர வேண்டுமாம். அன்று அந்தச் சர்வர் படுத்துவிட்டது. சாவி? "இனி தேவைப்படாது" என்று மகன் அலமாரிக்குள் வைத்துவிட்டுப் போயிருந்தான். என் வீட்டுப் படியிலேயே நாற்பது நிமிடம் விருந்தாளியைப் போல உட்கார்ந்திருந்தேன். அன்று முதல் சாவி என் பையில்தான் இருக்கிறது.

சர்வர் ஒரு நாள் படுத்தால் பொறுக்கலாம், ஒரேயடியாக மூடிவிட்டால்? 2016 மே மாதம், 'ரிவால்வ்' என்ற கருவியின் சேவையை அதைக் கையகப்படுத்தியிருந்த நெஸ்ட் நிறுவனம் நிறுத்தியது. விளக்கையும் கதவையும் இணைத்துவைத்திருந்த அந்தப் பெட்டி, வாங்கியவர் வீட்டில் வெறும் பெட்டியாகிப் போனது. பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இத்தகைய கருவிகளுக்குப் பாதுகாப்புப் புதுப்பிப்பு எவ்வளவு காலம் கிடைக்கும் என்பதைத் தயாரிப்பவர் அறிவித்தாக வேண்டும். எல்லாக் கருவிக்கும் ஒரே கடவுச்சொல்லை வைத்து விற்கவும் கூடாது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல் மாற்றப்படாத கேமராக்களைத்தான் 2016இல் 'மிராய்' என்ற தீய மென்பொருள் ஆயிரக்கணக்கில் கைப்பற்றியது என்பதை நினைத்தால், அந்தச் சட்டம் தாமதமாகவே வந்திருக்கிறது.

நன்மையே இல்லை என்று சொல்லவில்லை. தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, கதவைப் பூட்டினேனா என்ற சந்தேகம் என்னைப் பிடுங்கித் தின்றது. அரை நிமிடத்தில் பார்த்துச் சொன்னான் மகன். அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆனால் கூடத்துக் கேமராவை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. "மதியம் ஏன் சாப்பிடாமல் படுத்துவிட்டாய்?" என்று ஒரு நாள் கேட்டான். பாசம்தான், தெரியும். இருந்தாலும் 34 ஆண்டுகள் வகுப்பறையில் பிள்ளைகளைக் கண்காணித்தவளுக்கு, கண்காணிக்கப்படுவது பிடிக்கவில்லை. கேமராவின் மேல் ஒரு துண்டைப் போர்த்திவிட்டேன். இரண்டு நாள் பேசவில்லை. பிறகு அவனே இறங்கி வந்தான். அடுத்த மாதம் வரும்போது அதைக் கழற்றி வாசலுக்கு மாற்றித் தருவதாகச் சொல்லியிருக்கிறான். அதுவரை துண்டு அங்கேயே இருக்கும்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி