பூனைக்கு முடி கொட்டினா கவனிங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். காரைக்குடி பக்கம் இப்ப நிறைய வீட்டுல பெர்ஷியன் பூனை வளக்குறாங்க, சந்தோஷம்தான், ஆனா அதுக்கு காது ஓரம், மூஞ்சி, கால்ல வட்டமா முடி கொட்டி செதில் செதிலா இருந்தா படர்தாமரையா இருக்கலாம், மைக்ரோஸ்போரம் கேனிஸ்னு ஒரு பூஞ்சை, தூக்கி கொஞ்சுற பிள்ளைகளுக்கு சுலபமா ஒட்டிக்கும். சில பூனைக்கு வெளிய ஒண்ணுமே தெரியாது, ஆனா பரப்பும்.

இங்க என்னடான்னா மெடிக்கல்ல ஸ்டீராய்டு கலந்த கிரீம் வாங்கி பூசுறாங்க, அரிப்பு அடங்குன மாதிரி இருக்கும், அப்புறம் முன்னைவிட பெருசா படரும். பிள்ளையை தோல் டாக்டர்ட்டயும் பூனையை மாட்டாஸ்பத்திரிலயும் காட்டணும், ஒண்ணை மட்டும் பாத்தா திரும்பத் திரும்ப வரும். உதிர்ந்த முடில அந்த பூஞ்சை மாசக்கணக்குல உயிரோட கெடக்கும், ஆத்தங்குடி கல்லு தரைன்னா துடைச்சிடலாம், ஜமுக்காளமும் மெத்தையும்தான் தொல்லை.

அதுக்காக பூனையை சாக்குல கட்டி ஊருணிக்கரைல விட்டுட்டு வர்றது என்ன நியாயம்? மருந்துல குணமாகுற வியாதிங்க இது. மாட்டுக்கும் கோழிக்கும் கேம்ப் போடுற கால்நடைத்துறை பூனைக்கும் ஒரு நாள் ஒதுக்கினா நல்லாருக்கும்.

- ஒரு வாசகர், காரைக்குடி