செயலாளரின் ஆண்டறிக்கை: ஏப்ரல் 2024 – மார்ச் 2025

தலைவர் அவர்களுக்கும் செயற்குழுவினருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். அழைப்பு 140 வீடுகளுக்குப் போனது. நாற்காலி 60தான் போட்டோம், அதிலும் எத்தனை காலி என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம்.

இவ்வாண்டு செயற்குழு ஒன்பது முறை கூடியது. சித்திரைப் புத்தாண்டு, ஆடிக் கூழ், புரட்டாசிச் சனி, தீபாவளி, தைப்பூசக் காவடி எல்லாம் வழக்கம்போல் நடந்தன. தமிழ் வகுப்பு 14 பிள்ளைகளோடு தொடங்கி 9 பேரோடு முடிந்தது.

இனி 2024 ஜூன் 3. தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே உள்ள நம் டோங்காட்டில் குடியிருப்பவர்களுக்கு, சுழல்காற்று அடித்த அந்தத் திங்கட்கிழமையைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அன்றிரவு மண்டபத்துச் சாமான் அறையின் பூட்டை நான் உடைத்தது மூன்று கூட்டங்களில் விவாதத்துக்கு வந்துவிட்டது. ஆகவே நடந்ததைப் பதிவில் ஏற்றுகிறேன்.

சுழல்காற்று மேக்னா வில்லேஜ் பக்கம் வீடுகளின் கூரையைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் போனது. ஜூன் இங்கே குளிர்காலம், சீக்கிரம் இருட்டும் மாதம், மின்சாரமும் இல்லை. நம் அறையில் 20 தார்ப்பாய்கள் இருந்தன. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்குப் பிறகு நான் வீடு வீடாக ஏறி இறங்கி வசூல் செய்து வாங்கியவை. சாவி பொருளாளரிடம் இருந்தது. பொருளாளர் டர்பன் பக்கத்து பீனிக்ஸில் மகள் வீட்டில் இருந்தார், போன் கிடைக்கவில்லை. கார் ஜாக்கிக் கம்பியால் இரண்டு அடி போட்டேன், திறந்துகொண்டது. புதுப் பூட்டு 180 ரேண்ட்.

முதல் தார்ப்பாய் போன வீட்டில் ஒரு ஆயா, 78 வயது. பாத்ரூமில் குளியல் தொட்டிக்குள் உட்கார்ந்து தலைமேல் மெத்தையை இழுத்துப் போட்டுக்கொண்டு தப்பியிருந்தார். அந்த வீட்டில் கூரை மிஞ்சியதும் அந்த பாத்ரூமுக்கு மட்டும்தான். சாமி அறையில் காமாட்சி விளக்கு ஈரப் பாய்மேல் சாய்ந்து கிடந்தது. "தம்பி, மொதல்ல அங்க போடு" என்றார். விளக்கை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டுத்தான் ஏணி ஏறினேன்.

ஜன்னல் இல்லாத சின்ன அறைக்குள் போ, தலையை மூடு என்பதை ஆயா எங்கே கேட்டார் என்றால், 2023இல் நான் நடத்திய பேரிடர்ப் பயிற்சியில். 2019 நவம்பரில் நம் மாகாணத்து நியூ ஹானோவரில் சுழல்காற்று அடித்ததால் அதையும் சேர்த்துச் சொன்னேன். "இங்கே அதெல்லாம் வருமா" என்று சிரித்தார்கள். வந்தவர்கள் ஆறு பேர், அதில் இருவர் பிரியாணிக்காக.

பூட்டை உடைத்தது ஒழுங்கு மீறல் என்று எழுதிக் கொடுத்த நண்பருக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1917 அக்டோபரில் டர்பனில் உம்கேனி ஆறு பெருகி, ஸ்பிரிங்ஃபீல்டில் நம் காய்கறித் தோட்டக்காரர்கள் குடும்பம் குடும்பமாக வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டார்கள். மாரிமுத்து படவத்தானும் கூட்டாளிகளும், மீன் பிடிக்கிற ஆறு பேர், படகை எடுத்துக்கொண்டு போய் 176 பேரைக் கரை சேர்த்தார்கள். அவர்கள் தீர்மானம் நிறைவேற்றிவிட்டுப் போகவில்லை. என்னை அவர்களோடு வைத்துப் பேசவில்லை, பூட்டைப் பற்றித்தான் பேசுகிறேன்.

தார்ப்பாய்கள் 20 போயின, 11 திரும்பின. ஒன்று ஒரு உறுப்பினருடைய பக்கியின் (பின்னால் சாமான் ஏற்றும் சின்ன வண்டி) மேல் கட்டியபடி வாரம் ஒருமுறை என் வாசலைக் கடக்கிறது. அவரும் கையசைக்கிறார், நானும் கையசைக்கிறேன்.

மண்டபத்து ஜோஜோ தொட்டி, அதாவது மழைத் தண்ணீர் பிடிக்கும் பிளாஸ்டிக் தொட்டி, கழுவப்பட்டது. 2022இல் சுத்திகரிப்பு நிலையத்தை வெள்ளம் சிதைத்தபின் மாதக்கணக்கில் லாரித் தண்ணீருக்கு வாளியோடு நின்றோம் அல்லவா, அதற்காக வாங்கியது இது. மழைத் தண்ணீரைக் குடிக்க எடுப்பவர்கள் 25 லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் வாசனை சேர்க்காத ஜிக் (வீட்டு பிளீச்) கலந்து இரண்டு மணி நேரம் வைக்க வேண்டும் என்று தொட்டியிலேயே எழுதி ஒட்டியிருக்கிறேன். இன்னும் சிலர் மூடி நிறைய ஊற்றுவதாகக் கேள்வி.

வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். சுருக்கமாக, கடன் இல்லை, கையிருப்பும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. நன்கொடையும் சந்தாவும் சில வீடுகளிலிருந்து ஒரே உறையில் வந்ததால் ஒன்றிரண்டு வரவுகளை எந்தத் தலைப்பில் எழுதுவது என்பது முடிவாகவில்லை.

சந்தா ஆண்டுக்கு 200 ரேண்ட். கட்டியவர்கள் 61 வீட்டார். ஜூன் 4 காலையில் உதவி கேட்டு வந்தவர்களில் பலர் மீதி 79இல் இருந்தார்கள். பட்டியலை அன்று நான் திறக்கவில்லை, பிறகுதான் பார்த்தேன்.

அந்த வாரம் முழுதும் சமைத்துப் போட்ட தாய்மார்கள், கூரை ஏறிய இளைஞர்கள், அடுப்பும் அண்டாவும் தந்த கோயில் நிர்வாகத்தினர், வழக்கம்போல் ஆதரவளித்த செயற்குழுவினர் அனைவருக்கும் நன்றி.

வரும் ஆண்டுக்குச் செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. என் மனைவிக்கு ஆட்சேபம் இல்லவே இல்லை. புதுப் பூட்டுக்கு மூன்று சாவிகள் வந்தன. ஒன்று பொருளாளரிடம், ஒன்று என்னிடம். மூன்றாவதை மண்டபத்துக்கு நடந்தே வரக்கூடிய தூரத்தில், இரவில் போனை எடுக்கும் ஒருவரிடம் கொடுப்பதென்று ஆகஸ்டில் முடிவானது. அது இன்னும் என் வீட்டு ஆணியில்தான் தொங்குகிறது. கூட்டம் முடிந்தும் அரை மணி நேரம் இங்கேதான் இருப்பேன், சாவி சட்டைப் பையில் இருக்கிறது.