இந்த மாரிக்குப் பிள்ளைகளைப் புற்றடிக்குக் கூட்டிப்போவோம்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் உயர்தர உயிரியல் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். இரு உயிர்கள் சேர்ந்து வாழும் ஒன்றியவாழ்வு என்றதும் அவரைக் குடும்பத்தின் வேர்ச்சிறுகணுவோடு நிறுத்திவிடுகிறோம். பிறப்புரிமையியலுக்கு மெண்டலின் பட்டாணி. இரண்டையும் சேர்த்துச் சொல்லித்தரக்கூடிய ஓர் உயிர் அமெரிக்கக் கண்டங்களின் காடுகளில் இருக்கிறது: பங்கசு (பூஞ்சை) பயிரிடும் எறும்பு. தயவுசெய்து அதை வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.

அதில் ஒரு வகையான இலைவெட்டி எறும்பு கொண்டுவரும் இலை, நிலத்தடி அறைகளில் வளரும் பங்கசுக்குப் பசளை. பங்கசு தன் இழை நுனிகளில் சத்து நிறைந்த சிறு குமிழ்களை உண்டாக்கும். எறும்பின் புழுக்கள் அவற்றைத் தின்றே வளரும். 2011இல் இவ்வெறும்புகளின் முழு டிஎன்ஏ தொடரும் வெளியானபோது, ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்தைத் தயாரிக்கும் இரண்டு பரம்பரையலகுகளைக் (ஜீன்களைக்) காணவில்லை. மற்ற எறும்புகளிடம் அவை உண்டு. பங்கசு ஆர்ஜினினை ஊட்டிவிடுவதால், அந்த அலகுகள் பழுதானபோதும் எறும்புக்கு நட்டமில்லை. பழுது அப்படியே தலைமுறைகளுக்குக் கடந்துவிட்டது. இனிப் பங்கசை விட்டால் அதற்கு வாழ்வில்லை. கூர்ப்பு (பரிணாமம்) என்றால் புதிதாக ஏதோ வந்து சேர்வது என்றே நினைக்கும் பிள்ளைகளுக்கு, இழப்பும் கூர்ப்புதான் என்று காட்ட இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

சரி, அமெரிக்க எறும்புக்கு நாம் எங்கே போவது? போகத் தேவையில்லை. நம் வயல் வரம்புகளில் புற்றுக் கட்டும் கறையானும் பங்கசுதான் பயிரிடுகிறது. ஆனால் ஒரு முக்கிய வித்தியாசம். இலைவெட்டியின் புது ராணி, தாய்க்கூட்டுப் பங்கசில் ஒரு துணுக்கை வாய்ப்பையில் வைத்துக்கொண்டே பறக்கும். அதனால் பயிர் பெரும்பாலும் ஒரே வாரிசாகத் தொடர்கிறது. பங்கசு பயிரிடும் கறையான்களில் பெரும்பாலானவையோ புதுக் கூட்டுக்கான வித்திகளை, அதாவது பங்கசின் விதை போன்ற நுண்துகள்களை, வெளியிலிருந்தே சேர்க்கின்றன. அந்த வித்திகளுக்காகத்தான் மழைக்குப் பின் புற்றில் காளான் பூக்கிறது. சில வகைகளில் காம்பு வேர்போல நீண்டு கூட்டின் பங்கசுத் தோட்டம்வரை போகும். பிடுங்கினால் பாதியில் முறியும். காளான் பூப்பதுதான் பங்கசின் இலிங்கமுறை இனப்பெருக்கம். அதைப் பிள்ளைகள் கண்ணால் பார்க்கட்டும்.

புற்றை இடிக்க வேண்டாம். பலர் கும்பிடும் இடம், பாம்பும் இருக்கும். காளானைச் சமைக்கப் பிடுங்கவும் விடாதீர்கள். நச்சுக் காளானை எல்லோராலும் பிரித்தறிய முடியாது. பார்த்து, வரைந்து, எறும்போடு ஒப்பிட்டு எழுதினால் போதும்.

மாரி தொடங்குமுன் வலய மட்டத்தில் ஒரு நாள் கூடுவோமா? படங்களையும் தமிழ்க் குறிப்புகளையும் நான் தயார்செய்து தருகிறேன்.

அன்புடன்,
படுவான்கரையிலிருந்து ஓர் உயிரியல் ஆசிரியர்