காட்டோர மக்களின் அரிசி

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வல்லரசுகளை எதிர்த்து எளிய படைகள் நடத்தும் சமச்சீரற்ற போர் குறித்துத் தங்கள் ஞாயிறு பதிப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். வியட்நாமையும் ஆப்கானிஸ்தானையும் காட்டி, பொறுமையுள்ள சிறு படை எந்தப் பெரும் படையையும் இறுதியில் களைப்படையச் செய்துவிடும் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். நம் மண்ணான மலாயாவில் (இன்றைய தீபகற்ப மலேசியாவில்) நடந்த போர் அந்த முடிவுக்கு இடம் தரவில்லை.

பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்து 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில், மலாயா கம்யூனிஸ்டு கட்சியின் கெரில்லாக்கள் உச்சக்கட்டத்திலும் ஏறத்தாழ 8,000 பேர்தான். 1951 அக்டோபரில் பிரேசர் மலைச் சாலையில் பிரிட்டிஷ் உயர் ஆணையர் சர் ஹென்றி கர்னியையே சுட்டுக் கொல்லும் துணிவு அவர்களுக்கு இருந்தது. ஆயினும் அவர்களுக்கு வேண்டிய அரிசியும் மருந்தும் செய்தியும் காட்டோரத்தில் வாழ்ந்த மக்களிடமிருந்தே போய்க்கொண்டிருந்தன. பிரிட்டிஷ் ஜெனரல் பிரிக்ஸ் வகுத்து 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டம் குறிவைத்தது அந்தத் தொடர்பைத்தான். ஏறத்தாழ 5 லட்சம் பேர், பெரும்பாலும் சீனர்கள், முள்வேலி சூழ்ந்த புதுக்கிராமங்களில் குடியமர்த்தப்பட்டார்கள். ரப்பர்த் தோட்டங்களில் நம்மவர்கள் வாழ்ந்த லயங்களும், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளும், வேலிக்குள் வந்தன. டின் உணவுகளைத் துளையிட்டே விற்க வேண்டும் என்றார்கள். சேர்த்து வைத்தால் கெட்டுவிடும் என்பதற்காகவே, சில இடங்களில் அரிசியைப் பொதுவில் சமைத்துச் சோறாகக் கொடுத்தார்கள். சிலாங்கூர்த் தோட்டமொன்றில் பால் வெட்டிய என் பாட்டி, பெரட்டு என்ற காலைப் பெயர் அழைப்பு முடிந்து வேலி வாசலில் உடல் சோதனைக்கு நின்ற பிறகே தன் நிரைக்கு, அதாவது ரப்பர் மர வரிசைக்கு, போனதையும், ஒரு பிடிச் சோறுகூடக் கொண்டுபோக முடியாமல் மதியம்வரை பசியோடு வெட்டியதையும் கடைசிவரை மறக்கவில்லை.

வியட்நாமின் நிலை வேறு. சீன எல்லை வழியாக ஆயுதங்கள் வந்ததால்தான், 1954இல் தியன் பியன் பூவைச் சுற்றிய மலைகளில் பீரங்கிகளை ஏற்றிப் பிரெஞ்சுப் படையை வியட்நாமியப் போராளிகளால் முற்றுகையிட முடிந்தது. மலாயாவில் அத்தகைய பின்புலம் இல்லை. கெரில்லாக்களுக்கான ஆதரவும் பெரும்பாலும் சீனர்கள் என்ற ஓர் இனத்தவரிடையே அடங்கிவிட்டது. 1957இல் சுதந்திரம் வந்தபோது, அந்நியரை விரட்டுவோம் என்ற முழக்கமும் வலுவிழந்தது.

போர்முறையைப் பேசும் கட்டுரைகள் படைகளை மட்டுமே எண்ணுகின்றன. இருதரப்புக்கும் அஞ்சி, இருதரப்பின் சந்தேகத்துக்கும் ஆளாகி நடுவில் நின்ற தோட்டத் தொழிலாளர்களைப் பற்றி நம் பத்திரிகைகளே எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவார்கள்? அந்நாளைச் சிறுபிள்ளைகளாகக் கண்டவர்கள் இன்று எண்பது வயதைக் கடந்துவிட்டார்கள். அவர்களின் நினைவுகளைக் கேட்டுத் தொடராக வெளியிடும்படி தங்களைப் பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாசகர், செந்தூல், கோலாலம்பூர்