டிகிரி முடித்தவர் ஏன் லோயர் கிரேடு எழுதினார்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகள் அடுத்து என்ன படிக்கலாம் என்று ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீர்கள். இன்ஜினீயரிங்குக்குப் பாதிப் பக்கம், நர்சிங்குக்கு ஒரு பத்தி, நுண்கலைக்கு நாலே வரி. அந்த நாலாவது வரியில் 'பட்டம் பெற்றவர்கள் பள்ளிகளில் ஓவிய ஆசிரியர் ஆகலாம்' என்று இருந்தது. அந்த ஒரு வரியால் எங்கள் வீட்டில் ஒரு வாரம் பேச்சு ஓயவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், வெட்டுவதானால் பார்த்து வெட்டுங்கள்.

நான் இருப்பது பொள்ளாச்சிக்கு மேற்கே, கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம். அக்காவைக் கட்டிக்கொடுத்தது அந்தப் பக்கம், கொழிஞ்சாம்பாறை அருகே. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு செக்போஸ்ட்டும் சில தென்னந்தோப்புகளும்தான், ஆனால் அக்கா மகள் எழுதியது கேரளத்து எஸ்.எஸ்.எல்.சி., அதுவும் தமிழ் மீடியத்தில். பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவில் அப்படிப் பள்ளிகள் உண்டு என்பதே சென்னைக்காரர்கள் பலருக்குத் தெரியாது. பெண் நன்றாக வரைவாள். உங்கள் பக்கத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்து என் முன்னால் வைத்துக் கேட்டாள்: "மாமா, டிகிரி முடிச்சா டீச்சர் ஆயிரலாம்னு பேப்பர்லயே போட்டிருக்காங்க. அப்புறம் நீங்க எம்.எஃப்.ஏ. முடிச்சுட்டு எதுக்கு லோயர் எழுதப் போனீங்க?"

லோயர் என்றால் அரசு தொழில்நுட்பத் தேர்வின் கீழ்நிலை. அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

நுண்கலையில் இளங்கலையான பி.எஃப்.ஏ. நாலு வருஷம், முதுகலையான எம்.எஃப்.ஏ. இரண்டு வருஷம், ஆக ஆறு வருஷம் நான் பெயின்டிங் படித்தேன். ஊருக்கு வந்து பக்கத்திலிருந்த ஒரு தனியார் பள்ளியில் ஓவிய ஆசிரியர் வேலை கேட்டுப் போனேன். தாளாளர் நல்ல மனிதர். என் பட்டத்தை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். "இது பெரிய படிப்புங்க தம்பி. டி.டி.சி. இருக்குங்களா? நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன்ல கேப்பாங்க." இல்லை என்றேன். காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

டி.டி.சி. என்றால் தொழிலாசிரியர் சான்றிதழ். ஓவியம், தையல், இசை என்று பள்ளியில் சொல்லிக்கொடுக்க நினைப்பவர்களுக்குத் தமிழ்நாட்டில் கோடை விடுமுறையில் 42 நாள் நடக்கும் பயிற்சி. அதில் சேரவே அரசு தொழில்நுட்பத் தேர்வில் லோயர் கிரேடாவது தேறியிருக்க வேண்டும். அதற்கு மேலே ஹையர். ஓவியத்தில் பிரீஹேண்ட் அவுட்லைன், மாடல் டிராயிங் என்று தாள்கள் வரும். ஆக எம்.எஃப்.ஏ. முடித்த நான் கோயம்புத்தூரில் ஒரு பள்ளி ஹாலில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகளோடு வரிசையில் உட்கார்ந்து, ஸ்டூல்மேல் கவிழ்த்து வைத்த வாளியையும் பக்கத்திலிருந்த மக்கையும் வரைந்தேன். பக்கத்துப் பையன் என் தாடியைப் பார்த்துவிட்டு மெதுவாக, "அண்ணா, நீங்க அரியரா?" என்றான்.

இதற்கு முன்னால் பி.எட். சேரலாம் என்றும் ஓடிப் பார்த்தேன். எல்லாப் பாடத்துக்கும் ஆசிரியராக அதுதானே வழி. விண்ணப்பத்தில் தகுதியுள்ள பாடங்களின் பட்டியலில் விரலை வைத்து மேலிருந்து கீழே வந்தேன். தமிழ், ஆங்கிலம், கணக்கு, தாவரவியல், மனையியல், வணிகவியல் எல்லாம் இருந்தன. நான் படித்தது இல்லை.

இப்போது இந்த வேடிக்கையைப் பாருங்கள். இதே எம்.எஃப்.ஏ.யில் 55 சதவீதம் வைத்துக்கொண்டு யு.ஜி.சி. நெட் தேர்வில் காட்சிக்கலைப் பாடம் எழுதித் தேறினால் நான் கல்லூரியில் உதவிப் பேராசிரியர் பணிக்கே விண்ணப்பிக்கலாம். அங்கே பி.எட். வேண்டாம், டி.டி.சி. வேண்டாம், பாடம் எப்படி நடத்துவது என்று ஒரு நாள் பயிற்சிகூடக் கேட்க மாட்டார்கள். கேந்திரிய வித்யாலயாவின் கலை ஆசிரியர் பணியென்றால் ஐந்து வருஷ டிப்ளமோ அல்லது அதற்கு இணையான நுண்கலைப் பட்டம் கேட்பார்கள், அங்கே பட்டம் செல்லும். நம் ஊர்ப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குப் போக லோயர், ஹையர், டி.டி.சி. சரி, சோதனைச்சாவடிக்கு அந்தப் பக்கம் போனால் கேரள அரசு தொழில்நுட்பத் தேர்வான கே.ஜி.டி.இ. சான்றிதழ், அதற்கு மேல் ஆசிரியர் தகுதித் தேர்வான கே-டெட்டில் நான்காம் பிரிவு. ஓவியம், தையல் போன்ற ஸ்பெஷலிஸ்ட் ஆசிரியர்கள் எழுத வேண்டியது அந்தப் பிரிவுதான். ஒரே தூரிகை, ஒரே ஆள், நாலு வாசல், நாலுக்கும் வேறு வேறு சாவி. இதையெல்லாம்தான் உங்கள் கட்டுரை 'ஆகலாம்' என்ற ஒரு சொல்லுக்குள் மடித்து வைத்துவிட்டது.

இவ்வளவு புலம்பினாலும் அந்த 42 நாளை நான் குறைசொல்ல மாட்டேன். முதல் நாள் என்னவோ மூக்கைச் சுளித்துக்கொண்டுதான் போனேன். மூன்றாம் நாள் பயிற்சி கொடுத்த வாத்தியார் என்னைக் கூப்பிட்டு, கரும்பலகையில் ஒரு மாட்டை வரையச் சொன்னார். நான் பலகைக்கு நேராக நின்று ஐந்து நிமிஷத்தில் திமிலும் அலைதாடியுமாக நல்ல காங்கேயம் காளை ஒன்றை வரைந்து முடித்துப் பெருமையாகத் திரும்பினேன். "மாடு நல்லா இருக்குங்க. ஆனா இவ்வளவு நேரம் பசங்க பார்த்தது உங்க முதுகைத்தானே?" என்றார். அப்புறம் அவர் வரைந்து காட்டினார். பலகைக்குப் பக்கவாட்டில் நின்று, கையை முழுசாக நீட்டி, ஒவ்வொரு கோடு போடும்போதும் வகுப்பைத் திரும்பிப் பார்த்துப் பேசிக்கொண்டே போனார். மாடு சுமார்தான். ஆனால் ஒரு முட்டை, ஒரு சின்ன முட்டை, நாலு குச்சி என்று அது எப்படி உண்டாகிறது என்பது கடைசி பெஞ்சுக்கும் தெரிந்தது. ஆறு வருஷப் படிப்பில் இதை எனக்கு யாரும் சொன்னதில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை, அவர்கள் என்னை ஓவியனாக்கத்தானே பார்த்தார்கள்.

நாற்பது பிள்ளைகள், ஆறு கலர் டப்பா, நாற்பது நிமிஷம். இதை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள் என்பதுதான் ஓவிய ஆசிரியர் வேலை. எந்தப் பள்ளிக்கு வேண்டுமானாலும் போய் 'ஏதாவது வரைங்க' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு முக்கோண மலை, நடுவில் பாதிச் சூரியன், கீழே ஒரு ஆறு, ஒரு குடிசை, ஒரு தென்னை மரம். எங்கள் பள்ளியிலும் அதேதான். டி.டி.சி. முடித்து நான் வேலையில் சேர்ந்த புதிதில் இதைப் பார்த்தாலே எரிச்சல் வரும். அப்புறம் ஒரு நாள் சாயங்கால வகுப்பில் பிள்ளைகளை வராண்டாவுக்குக் கூட்டிப் போய் மேற்கே பார்க்கச் சொன்னேன். எங்கள் ஊர் பாலக்காட்டுக் கணவாயின் வாய் அல்லவா, தெற்கே ஆனைமலைப் பக்கம், வடக்கே வாளையாறு மலை, உண்மையிலேயே சூரியன் இரண்டு மலைக்கு நடுவில்தான் இறங்குகிறது! ஆனால் மலை முக்கோணமாக இல்லை, பச்சையாகவும் இல்லை, தூரத்தில் சாம்பல் நீலமாக, வானத்தைவிடக் கொஞ்சமே அடர்த்தியாக இருந்தது. "சார், மலை நீலமா இருக்குது" என்று ஒரு பெண் கத்தினாள். அன்றைக்கு அந்த டப்பாக்களில் நீலம் மட்டும் தீர்ந்துபோனது.

ஆகவே பயிற்சி வேண்டாம் என்பது என் கட்சி கிடையாது. 42 நாள் போதாது, பட்டம் மட்டும் இருந்தாலும் போதாது, இரண்டும் ஒன்றையொன்று தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் கோளாறு என்கிறேன். பி.எட். படிப்பையே 2015 முதல் இரண்டு வருஷமாக்கிவிட்டார்கள், கலை சொல்லிக்கொடுப்பவனுக்கு ஒரு கோடை விடுமுறை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்தின் 2014 விதிமுறைகளில் காட்சிக்கலைக்கு ஒன்று, நிகழ்த்துகலைக்கு ஒன்று என்று கலைக் கல்விக்காகவே இரண்டு டிப்ளமோ எழுதி வைத்திருக்கிறார்கள். ஏட்டில் இருக்கிறது. அக்கா மகளுக்காக அதை நடத்தும் ஒரு நிறுவனத்தை எங்கள் சுற்றுவட்டாரத்தில் தேடித் தேடி எனக்குச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

படித்து முடித்தாலும் வேலை எப்படி என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள். 2009ஆம் வருஷத்து இலவசக் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையில், ஆறு முதல் எட்டு வரை நூறு பிள்ளைகளுக்கு மேல் படிக்கும் பள்ளியில் கலைக் கல்விக்குப் பகுதிநேரப் பயிற்றுநர் இருக்க வேண்டும் என்று இருக்கிறது. கவனியுங்கள், 'பகுதிநேர'. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை எல்லாம் சேர்த்து 16,549 பேரை எடுத்தார்கள், வாரத்துக்கு மூன்று அரைநாள், மாதம் 5,000 ரூபாய். அதில் என் நண்பர்களும் இருக்கிறார்கள். பிறகு தொகை ஏறியது, ஆனால் பெயர் பகுதிநேரமாகவே இருக்கிறது. மீதி அரைநாட்களில் ஒருவர் கல்யாண மண்டபத்துக்கு பேனர் டிசைன் செய்கிறார், இன்னொருவர் கோயில் கோபுரத்துக்கு வண்ணம் அடிக்கும் குழுவோடு போகிறார். அரசு ஆசிரியர் தேர்வு வாரியம் 2017இல் 1,325 சிறப்பாசிரியர் பணியிடங்களுக்குத் தேர்வு வைத்தபோது இவர்கள் எல்லோரும் பழைய சான்றிதழ்களைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினார்கள்.

ஓவியம் சொல்லிக்கொடுப்பது, வரைய வராதவன் செய்யும் வேலை என்று ஊரில் ஒரு நினைப்பு உண்டு. மெரினாவில் உழைப்பாளர் சிலை செய்தாரே தேவி பிரசாத் ராய் சௌத்ரி, அவர் 1929 முதல் 1957 வரை சென்னை ஓவியக் கல்லூரியின் முதல்வர். அவருக்குப் பின் அந்த நாற்காலியில் உட்கார்ந்த கே.சி.எஸ். பணிக்கர் கோயம்புத்தூரில் பிறந்த மலையாளி, கிட்டத்தட்ட நம் எல்லைக்காரர். 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தொடங்கியபோதும் அவர் முதல்வராகத்தான் இருந்தார். வாத்தியார் வேலையை விட்டுவிட்டு வந்து வரைந்தவர்கள் இல்லை இவர்கள்.

எல்லைக்கு வருகிறேன். கேரளத் தேர்வாணையத்தின் ஓவிய ஆசிரியர் அறிவிப்பை அக்கா மகளோடு உட்கார்ந்து படித்தபோது கே.ஜி.டி.இ. என்பதற்குப் பக்கத்திலேயே எம்.ஜி.டி.இ. என்று போட்டிருப்பதைப் பார்த்தேன். அது என்ன என்றாள். மெட்ராஸ் கவர்ன்மென்ட் டெக்னிக்கல் எக்ஸாமினேஷன்! பாலக்காடு 1956 நவம்பர் வரை மலபார் மாவட்டமாக மெட்ராஸோடு இருந்தது அல்லவா, அந்தப் பழைய பெயர் அழியாமல் அரசாணைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு கிடக்கிறது. அவளுடைய தாத்தா காலத்துத் தேர்வு அது. ஆனால் அவள் இன்றைக்கு இந்தப் பக்கம் வந்து லோயர், ஹையர் எழுதினால் அந்தப் பக்கம் செல்லுமா என்று கேட்டால், ஒரு அலுவலகத்தில் "பிரச்னையில்லா" என்கிறார்கள், இன்னொன்றில் இரண்டு தேர்வும் சமம்தான் என்று இணைச்சான்று கொண்டு வா என்கிறார்கள். எழுதித் தரச் சொன்னால் இருவரும் பேனாவை மூடிவிடுகிறார்கள். பாலைக்கூடக் கேனில் சோதித்துவிட்டு அந்தப் பக்கம் விடுகிறோம், ஒரு சான்றிதழைச் சோதித்து விட இவ்வளவு திண்டாட்டமா?

உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை ரிசல்ட் வரும் சமயத்தில் அந்த நாலு வரியை ஒரு பத்தியாக்குங்கள். கல்லூரிக்கு எது, மத்திய அரசுப் பள்ளிக்கு எது, மாநிலப் பள்ளிக்கு எது, கேரளத்துக்கு எது என்று பிரித்துப் போடுங்கள். பத்தாவது படிக்கும்போதே லோயர் எழுதிவிடலாம் என்பதைத் தயவுசெய்து கொட்டை எழுத்தில் போடுங்கள், இருபத்தைந்து வயதில் தாடியோடு போய் உட்கார வேண்டியதில்லை. இரண்டு மாநிலக் கல்வித் துறையினரும் உங்கள் பத்திரிகையைப் படிப்பார்கள் என்றால், எல்லை மாவட்டப் பிள்ளைகளுக்காக எந்தச் சான்றிதழ் எங்கே செல்லும் என்று ஒரே ஒரு பக்கத்துக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுக்கச் சொல்லுங்கள். நுண்கலைப் பட்டதாரிக்கும் பி.எட். பட்டியலில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள்.

அக்கா மகள் இப்போது சனிக்கிழமைதோறும் வருகிறாள். எங்கள் வீட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டும் வாளியைத்தான் ஸ்டூல்மேல் ஏற்றி வைத்திருக்கிறேன். வாயின் நீள்வட்டம் இன்னும் இரண்டு ஓரத்திலும் கூர்மையாகத்தான் வருகிறது அவளுக்கு. மாடு வேறு நடுவில் வந்து வாளியைத் தள்ளுகிறது.

இப்படிக்கு,
ஓர் ஓவிய ஆசிரியர்,
கோபாலபுரம், பொள்ளாச்சி.

பின்குறிப்பு: அந்தக் கட்டுரையோடு போட்டிருந்த படத்தில் சிறுமி தூரிகையை மயிருக்குப் பக்கத்தில் பென்சில் மாதிரி இறுக்கிப் பிடித்திருக்கிறாள். நடுவிலோ அதற்கும் பின்னாலோ பிடித்தால் கை தானாக வீசும். அடுத்த முறை படம் எடுக்கும்போது யாராவது ஒரு டிராயிங் வாத்தியாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், மூன்று அரைநாள் போக மீதி நாளெல்லாம் சும்மாதான் இருக்கிறார்கள்.